ஆசனம் காலியாக இருந்த மூன்று நிமிடங்கள்

1

போன மாதம் எனக்கு ஒரு கண்ணாடிக் கட்டி பரிசாகக் கிடைத்தது. செங்கல் அளவு, நல்ல பாரம். உள்ளே ஒரு விமானத்தின் உருவம். கீழே என் பெயர், எழுத்துப் பிழையோடு. நான் வேலை செய்யும் விமான நிலையத்தில் வருடத்துக்கொரு தடவை இப்படி ஒன்றைக் கொடுப்பார்கள். மனைவி அதை முன்னறை அலுமாரியில், மகள் நீச்சலில் வென்ற கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். படம் எடுத்து ஊருக்கும் அனுப்பினாள். மட்டக்களப்புப் பக்கம் மாங்கேணியில் இருக்கும் அவளுடைய தம்பி, "அத்தான் இப்ப பிளேன் ஓட்டுறாரா?" என்று கேட்டானாம்.

இப்போது அந்தக் கட்டி குளிர்காலப் போர்வைகளுக்கு அடியில் கிடக்கிறது. நான்தான் எடுத்து வைத்தேன். ஏன் என்று மனைவி கேட்டதற்குத் தூசி படுகிறது என்றேன்.

இங்கே இருந்து ஊருக்கு எழுதுகிறவர்கள் பனியைப் பற்றி எழுதுவோம், விசாவைப் பற்றி எழுதுவோம், வெள்ளைக்காரன் எங்களுக்குச் செய்த அவமரியாதைகளை ஒன்றுவிடாமல் எழுதுவோம். நாங்கள் செய்ததை எழுதுவது குறைவு. நானும் இதுவரை அப்படித்தான். இந்தத் தடவை நான் செய்த ஒன்றை எழுதுகிறேன். வெட்கமாக இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2

என் வேலை என்னவென்று ஊரில் யாருக்கும் இன்றுவரை விளங்கவில்லை. அவர்களில் பிழையில்லை. சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: ஒரு விமானம் வந்து நின்றதிலிருந்து திரும்பப் புறப்படும்வரை தரையில் நடக்கும் ஒவ்வொரு வேலைக்கும் நேரம் பதிவாகிறது. சில்லு உருளாமல் கட்டை வைத்த நேரம், கதவு திறந்த நேரம், முதல் பயணப்பெட்டி இறங்கிய நேரம், அது பயணிகள் காத்து நிற்கும் சுழலும் பட்டியில் வந்து விழுந்த நேரம். இவை எல்லாம் கணினிக்கு வரும். எங்கே தாமதம், ஏன் தாமதம் என்று நான் தேடிச் சொல்ல வேண்டும்.

பெட்டிகளை விமானத்தடியிலிருந்து கட்டடத்துக்கு இழுத்து வருவது சின்ன ட்ராக்டர்கள். பின்னால் நாலைந்து தட்டு வண்டிகள் கொளுவியிருக்கும். சில வருடங்களுக்கு முன்பு எல்லா ட்ராக்டர்களிலும் ஒரு கருவி பூட்டினார்கள். வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு வேகம், ஓட்டுநர் ஆசனத்தில் இருக்கிறாரா இல்லையா என்பதை அது சொல்லும். ஆள் எழும்பினால் "ஆசனம் காலி" என்று ஒரு வரி பதிவாகும். கீழே வேலை செய்கிறவர்களுக்கு அந்தக் கருவியைக் கண்ணில் காட்ட முடியாது. எனக்கோ அது வந்த நாள் திருவிழா.

மூன்று மாதப் பதிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். ஒரு இலக்கம் மட்டும் விசித்திரமாக இருந்தது. எட்டில் முடியும் ஒரு அட்டை இலக்கம். அந்த ஓட்டுநர் மற்ற நேரமெல்லாம் ஒழுங்காக ஓடுகிறார். ஆனால் இடைக்கிடை, பெட்டிகள் நிறைந்த வண்டியோடு நடுத்தெருவில் நிற்கிறார். ஆசனம் காலி. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். மறுபடி ஏறிப் போகிறார். அந்த இடத்தில் விமானம் இல்லை, கட்டடம் இல்லை, இறங்குவதற்கு ஒரு வேலையும் இல்லை. பயணிகள் பட்டிக்கு முன்னால் காத்து நிற்கிறார்கள்.

இலக்கம் யாருடையது என்று எனக்குத் தெரியாது. எங்களுக்குப் பெயர்களைக் காட்டுவதில்லை. நான் பார்த்ததை எழுதினேன். தரைப் பணி நேரங்களைப் பற்றிய முப்பது பக்க அறிக்கையில் அது ஒரு பந்தி. "வேலையோடு தொடர்பில்லாத நிறுத்தங்கள். ஓட்டுநரின் தனிப்பட்ட வழக்கம் காரணமாக இருக்கலாம்" என்று எழுதி, ஒரு வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகளும் இட்டேன். என் மேலதிகாரி ஹெலனுக்கு அந்தப் படம் மிகவும் பிடித்துக்கொண்டது.

3

நான் எப்போதும் மேலே இருந்தவன் அல்ல. இந்த நாட்டுக்கு வந்து ஆறு குளிர்காலம் அதே விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கியவன்தான். மாலை வகுப்புக்குப் போய், ஒரு பாடத்தில் இரண்டு தடவை கோட்டைவிட்டு, கடைசியில் படிகளில் ஏறி ஒரு மேசைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

முதல் நாள் அட்டை எடுக்க வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் ஒருவர் நின்றார். என்னைவிட ஏழெட்டு வயது கூட. தாடி, சிரித்த முகம். அந்தப் படிவத்தில் 'கடந்த ஐந்து வருடம் வசித்த முகவரிகள்' என்று ஒரு பெட்டி இருந்தது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஐந்து வருடத்தில் பத்து முகவரி இருக்கும். அவர் அந்தச் சின்னப் பெட்டிக்குள் நுணுக்கி நுணுக்கி எழுதிக்கொண்டிருந்தார். நான் அவரை மலேசியக்காரர் என்று நினைத்தேன். அவர் என்னைக் கேரளத்துக்காரன் என்று நினைத்தாராம். ஆளுக்கு ஆள் உடைந்த ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை பேசினோம். அவருக்கு எட்டில் முடியும் இலக்கம் கிடைத்தது. எனக்கு ஒன்பதில்.

இரண்டு கிழமைக்குப் பிறகு அவர் ட்ராக்டர் ஓட்ட நான் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். எதிரே சரக்குக் கொட்டகைப் பக்கமாக ஒரு வண்டி வந்தது. அதில் ஒரே ஒரு நீளப் பெட்டி, மேலே துணி. வெளிநாட்டில் செத்துப்போன யாரோ ஒருவரை வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். அவர் வண்டியை ஓரம்கட்டி இறங்கினார். நான் மற்றப் பக்கத்தால் இறங்கினேன். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பெட்டி தாண்டிப் போனபிறகுதான் பார்த்தோம்.

"தம்பி, ஊரு எது?" என்றார் தமிழில்.

"மாங்கேணி."

"அட! நான் ஓட்டமாவடி. பாலத்துக்கு இங்கால." சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறினார். "நம்மட பக்கத்து ஆக்களத் தவிர வேற ஆரு இறங்குவாங்க, சொல்லு பாப்பம்?"

அவர்தான் றஷீத் காக்கா. காக்கா என்றால் எங்கள் பக்கத்து முஸ்லிம்களுக்கு அண்ணன். அந்த ஆறு குளிர்காலமும் நான் அவரை அப்படித்தான் அழைத்தேன். பெருநாளுக்கு அவர் வீட்டுச் சாப்பாடு எனக்கு வரும், பொங்கலுக்கு எங்கள் வீட்டுப் பொங்கல் அவருக்குப் போகும். என் மகள் பிறந்த மூன்றாம் நாள் அவளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது அவருடைய கார்.

மேலே போனபிறகு எனக்கு வேறு நிற நாடாவில் வேறு அட்டை தந்தார்கள். மேலே இருப்பவர்களுக்குத் தனிச் சாப்பாட்டறை. ஆரம்பத்தில் கிழமைக்கு ஒரு நாள் கீழே இறங்கி காக்காவோடு சாப்பிட்டேன். பிறகு மாதத்துக்கு ஒரு நாள். பிறகு பெருநாள் வாழ்த்து கைபேசியில் போனது. சண்டை ஒன்றும் இல்லை. நான் மேலே இருந்தேன், அவர் கீழே இருந்தார், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

4

அறிக்கை போய் ஆறேழு கிழமை இருக்கும். ஒரு சனிக்கிழமை காலையில் காக்கா வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு உறை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"தம்பி, எனக்கொரு கடிதம் எழுதித் தரணும். நீ மேல இரிக்கிறாய், உனக்கு அவங்கட பாசை தெரியும்."

"என்ன நடந்தது காக்கா?"

"என்ட ட்ராக்டர் ஓட்டுற பேமிற்றப் புடுங்கிட்டாங்க. கீழ நிலவறைக்குப் போட்டிரிக்காங்க, பெட்டி பிரிக்கிற இடத்துக்கு. முழுநாளும் குனிஞ்சு தூக்கணும். இந்தக் காலோட எத்தின மாசம் ஏலும் சொல்லு? மறுகா நானாவே விட்டுட்டுப் போகவேண்டியதுதான்."

உறையைப் பிரித்தேன். முதல் பக்கத்தில் என் வாக்கியம் இருந்தது. வேலையோடு தொடர்பில்லாத நிறுத்தங்கள். இரண்டாம் பக்கத்தில் என் வரைபடம், சிவப்புப் புள்ளிகளோடு. கறுப்பு வெள்ளையில் அச்சடித்ததால் புள்ளிகள் சாம்பலாக இருந்தன.

"ஆரோ கொம்பியூட்டர்ல பாத்து எழுதியிரிக்கான்" என்றார் காக்கா. "நடுறோட்டுல வண்டிய விட்டுட்டு இறங்கி நிண்டனாம். நிண்டதுதான். அத இல்லையெண்டு நான் சொல்லயில்ல."

"ஏன் இறங்கினீங்க?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கோபம் இல்லை, ஆச்சரியம்.

"இதென்ன தம்பி கேள்வி? பெட்டி போச்சு. இறங்கினன்."

எந்தப் பெட்டி என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது: மேலே துணி போட்ட அந்த நீளப் பெட்டி. அவர் என்னைக் கவனிக்காமல் சொல்லிக்கொண்டு போனார்.

"விசாரணையில கேட்டாங்க. மரியாதைக்கு இறங்கின எண்டன். செத்தது தெரிஞ்ச ஆளா எண்டாங்க. இல்ல எண்டன். உங்கட மார்க்கத்து ஆளா எண்டாங்க. தெரியா எண்டன். அப்ப ஏன் இறங்கின எண்டாங்க. அதுக்கு இங்கிலீசில என்ன சொல்லுற தம்பி? எனக்குத் தமிழிலயும் தெரியாது. மையத்துப் போனா இறங்குற. அவ்வளவுதானே."

என் அப்பா செத்தது மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. ஒரு வாடகைப் பிக்கப்பின் பின்தட்டில் பெட்டியை வைத்து, நானும் மாமாவும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு மாங்கேணிக்குக் கொண்டுபோனோம். வழியில் ஓட்டமாவடிக் கடைத்தெருவைத் தாண்ட வேண்டும். அது தமிழரும் முஸ்லிம்களும் முகம் கொடுத்துப் பேசாத காலம். ஒருவர் ஊருக்குள் மற்றவர் போகப் பயப்பட்ட காலம். "தலையக் குனிஞ்சிக்கோ, கெதியாப் போயிருவம்" என்றார் மாமா. நான் குனியவில்லை, பார்த்தேன். தெருவோரம் சைக்கிளில் வந்தவர்கள் எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக இறங்கி, சைக்கிளைப் பிடித்தபடி நின்றார்கள். தேத்தண்ணிக் கடையில் ரேடியோவை நிறுத்தினார்கள். பாலம் ஏறும்வரைக்கும் அப்படியே நின்றார்கள். யாருக்கும் என் அப்பாவைத் தெரியாது.

இந்தக் கதையை நான் காக்காவுக்கு ட்ராக்டரில் வைத்து எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு நின்றவர்களில் தானும் ஒருவனாக இருந்திருக்கலாம் என்று அவர் சொல்வார்.

அந்தச் சனிக்கிழமை அவருக்கு நல்ல கடிதம் ஒன்று எழுதிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் ஆங்கிலத்தில் நான் எழுதிய மிக நல்ல கடிதம் அதுதான். அறிக்கையை எழுதியது நான் என்று சொல்லவில்லை. வாய் வரை வந்தது. அப்போது காக்கா, "உன்னப் போல ஒரு ஆள் மேல இருக்கிறது எங்களுக்கெல்லாம் பெரிய பலம் தம்பி" என்றார். வந்தது உள்ளே போய்விட்டது.

5

இரண்டாம் பகுதியில் ஒரு பொய் எழுதியிருக்கிறேன். அதை அழித்துவிட்டு ஒழுங்காக எழுதலாம். ஆனால் அந்தப் பொய்யை எவ்வளவு இலேசாக எழுதினேன் என்று நீங்களும் பார்க்க வேண்டும் என்பதால் விட்டுவைக்கிறேன்.

இலக்கம் யாருடையது என்று தெரியாது என்றேன். தெரியும். ஒன்பதில் முடியும் என் பழைய இலக்கத்துக்கு முந்திய இலக்கம் அது. ஆறு வருடம் அந்த இரண்டு இலக்கங்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக வேலைப் பட்டியலில் இருந்தன. பார்த்த கணமே தெரிந்தது.

தெரிந்த பிறகு என்ன செய்தேன்? கைபேசியை எடுக்கவில்லை. தொழுகை நேர அட்டவணை ஒன்றை இணையத்தில் இறக்கி, அவர் நின்ற நேரங்களோடு பொருத்திப் பார்த்தேன். அலுவலகத்தில் யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஹெலனுக்கு அப்படி ஒரு யோசனை கனவிலும் வந்திருக்காது. அது எனக்கு வந்தது. நான் வளர்ந்த வீட்டில், ஊரில், அந்தக் கெட்ட காலத்தில் காதில் விழுந்த பேச்சுகளில் இருந்து வந்தது. "அவங்க அப்பிடித்தான்" என்ற பேச்சு. விமானம் ஏறியபோது அதை ஊரில் விட்டுவிட்டு வந்தேன் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

நேரங்கள் பொருந்தவில்லை. ஒன்றுகூடப் பொருந்தவில்லை. தொழுகை இல்லையென்றால் வேறு என்ன என்று அப்போதாவது கேட்டிருக்க வேண்டும். நான் அட்டவணையை மூடிவிட்டு, "தனிப்பட்ட வழக்கம்" என்று எழுதினேன். அந்தச் சொல்லை எழுதும்போது என் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும்.

பெட்டி நினைவுக்கே வரவில்லை. அப்பாவுக்காக ஒரு கடைத்தெருவே இறங்கி நின்றதைக் கண்ணால் பார்த்தவன் நான். அதே ட்ராக்டரின் மற்றப் பக்கத்தால் இறங்கியவனும் நான். எனக்கு நினைவுக்கு வரவில்லை.

6

இங்கே அலுவலகங்கள் நடக்கும் விதத்தைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் ஒன்றைச் சேர்க்கிறேன். காக்காவின் பெயரில் நான் எழுதிய முறையீடு மூன்று கைமாறி, பத்து நாளில் என் மேசைக்கே வந்தது. "பகுப்பாய்வாளரின் கருத்து தேவை" என்று ஒரு குறிப்பு. என் கடிதத்துக்கு நானே பதில் எழுத வேண்டும்.

சரக்குக் கொட்டகையில் பிரேதப் பெட்டிகள் வந்த நேரங்கள் தனியாகப் பதிவாகின்றன. அந்தப் பட்டியலை எடுத்து, காக்கா இறங்கிய நேரங்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். அரை மணித்தியால வேலை. ஒவ்வொரு சிவப்புப் புள்ளிக்கும் ஒரு பெட்டி இருந்தது. ஒரு பெட்டி வந்த நாளில் கடும் மழை. அன்றைக்குத்தான் ஆசனம் கூடுதல் நேரம் காலியாக இருந்தது. வழுக்கும் என்று பெட்டி வண்டியை மெதுவாகக் கொண்டுபோயிருப்பார்கள்.

என் பதிலில் "நான் பிழைவிட்டேன்" என்று எழுதியிருக்க வேண்டும். "மேலதிகத் தரவுகள் கிடைத்ததன் அடிப்படையில் விளக்கம் திருத்தப்படுகிறது" என்று எழுதினேன். ஆள் இல்லாத வாக்கியம். படித்துப் பட்டம் வாங்கியதில் இப்படி எழுதத்தான் நன்றாகக் கற்றிருக்கிறேன்.

காக்காவின் பேமிற் திரும்பக் கிடைத்தது. வண்டி நிறுத்துவதற்கான காரணப் பட்டியலில் "இறந்தவருக்கு மரியாதை" என்று ஒரு புதிய வரியையும் சேர்த்தார்கள். ஹெலன் என் மேசைக்கு வந்து, சொன்னதைத் திருத்த முன்வந்த என் நேர்மையைப் பாராட்டினாள். அந்த வருடப் பரிசுக்கு என் பெயரைக் கொடுத்ததும் அவள்தான். விழாவில் வாசித்த குறிப்பில், எண்களுக்குப் பின்னால் இருக்கும் மனிதரைக் கண்டவர் என்று இருந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். நான் எழுந்து போய் அந்தக் கட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

7

போன ஞாயிறு பகல் காக்கா வந்தார். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். அவர் ஒரு சட்டி நிறைய இறால் கறி கொண்டுவந்திருந்தார், பேமிற் கிடைத்த சந்தோஷத்துக்கு. இவ்வளவு நாளும் வர வசதிப்படவில்லை என்றார்.

"எல்லாம் உன்ட கடிதத்தாலதான் தம்பி. அந்த ரிப்போர்ட்ட எழுதினவனுக்கும் அல்லாஹ் நல்ல புத்தி குடுத்திரிக்கான். திரும்பப் பாத்துச் சரியா எழுதிட்டானாமே. கெட்டவன் இல்ல போல."

நான் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டேன். முன்னறையில் மகள் அபி அவருக்குத் துணையாக இருந்தாள். அவளுக்குப் பதினான்கு வயது. தமிழ் விளங்கும், பேசமாட்டாள். நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். தமிழ் வகுப்புக்கு ஞாயிறுதோறும் இழுத்துக்கொண்டு போனேன். போன வருடம் வரமாட்டேன் என்று காரை விட்டு இறங்க மறுத்தாள். அதோடு விட்டுவிட்டேன். ஆனால் காக்காவோடு மட்டும் எப்போதும் தமிழில்தான் பேசப் பார்ப்பாள். அவர் சிரிக்கமாட்டார், திருத்தமாட்டார், அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பார்.

"மாஷா அல்லாஹ், இதென்ன மகள் கண்ணாடி?" என்று அவர் கேட்பது எனக்குக் கேட்டது.

"அது அப்பாட பரிசு, மாமா" என்றாள் அபி.

"எதுக்குக் குடுத்த?"

நான் கோப்பைகளை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன். பிந்திவிட்டது. அவள் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அப்பா ஒரு ரிப்போர்ட் எழுதினவர். ட்ராக்டர் ஓட்டுற ஆக்கள் எங்க நிக்கிறாங்க, ஏன் இறங்குறாங்க எண்டு கொம்பியூட்டர்ல பாத்துக் கண்டுபிடிச்சவர். அதுக்குத்தான்."

காக்கா கண்ணாடிக் கட்டியைக் கையில் வைத்திருந்தார். அதைத் திருப்பிப் பார்த்தார். பிறகு இருந்த இடத்திலேயே, கிண்ணத்துக்குப் பக்கத்தில், சத்தம் வராமல் வைத்தார். வந்து உட்கார்ந்தார். நான் நீட்டிய தேத்தண்ணியை வாங்கி முழுவதும் குடித்தார். அபியிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டார். என்னைப் பார்க்கவில்லை.

எழும்பும்போது முழங்கால் வலித்திருக்க வேண்டும். கதிரையைப் பிடித்தார். நான் கை கொடுக்கப் போனேன், அதற்குள் எழும்பிவிட்டார். வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்தபிறகுதான் பேசினார்.

"என்னட்டக் கேட்டிருக்கலாமே தம்பி. ஒரு போன் எடுத்திருந்தாச் சொல்லியிருப்பன்."

"காக்கா..."

"சட்டிய மகளிட்டக் குடுத்தனுப்பு. வாறன்."

கார் திரும்பும்வரை வாசலில் நின்றேன். உள்ளே வந்தபோது அபி அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகம் வாடியிருந்தது.

"அப்பா, நான் தமிழில ஏதும் பிழையாச் சொல்லிட்டனா?"

"இல்லை" என்றேன். "எல்லாம் சரியாத்தான் சொன்னாய்."